இடப்பக்கம் வணிகம், வலப்பக்கம் இலக்கணம்

கிள்ளான்
14 ஜனவரி 2024, ஞாயிறு

அன்புள்ள தாமரைக்கு,

நான் நலம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம். கடைசியாக எப்போது தபால்தலை ஒட்டினேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

விஷயம் இதுதான். குடோன் சூப்பர்வைசர் பரமேஸ்வரன் அண்ணன் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். வெளியாளை எடுப்பதற்கு முன் உள்ளே இருப்பவர்களைக் கேட்கிறார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன். மார்ச் பதினான்கு நேர்காணல். அந்த வேலைக்குத் தினமும் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும், இமெயில் போட வேண்டும். என் ஆங்கிலம் எவ்வளவு என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? நான் கீழே பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், நீ மேலே ஆபீஸில் எனக்காக எழுதிக்கொண்டிருந்தாய். பன்னிரண்டு வருடம்.

இது கிடைக்காவிட்டால் என் வேலை ஜூனோடு சரி. எண்ணுவதற்கு ஸ்கேனர் வருகிறது. நாற்பத்திரண்டு வயதில் நான் வேறு எங்கே போய் எதை எண்ணுவேன்?

நேற்று வகுப்பில் சேர்ந்தேன். பிரிக்பீல்ட்ஸில், சேலைக்கடைக்கு மேல்மாடி. சனிக்கிழமை இரண்டிலிருந்து ஐந்து. கீழே ஒலிபெருக்கி தள்ளுபடி தள்ளுபடி என்று கத்திக்கொண்டே இருக்கிறது. ஏர்கோன் ஒழுகுகிறது. அதற்கடியில் ஒரு வாளி. ஆசிரியை விஷ்ணுப்ரியாவுக்கு இருபத்தாறு வயதிருக்கும். என் வேலை என்ன என்று கேட்டாள். கண்டெய்னரைத் திறந்து, இறங்குகிற பெட்டிகளை எண்ணி, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது என்று தமிழில் சொன்னேன். "டேலி கிளார்க்னு சொல்லுங்கக்கா, ஏற்கெனவே இங்கிலீஷ்லதானே இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

புத்தகம் விநோதமானது. இடப்பக்கம் வணிகச் சொற்கள்: கன்சைன்மென்ட், நெகோஷியேஷன், டெட்லைன். வலப்பக்கம் இலக்கணம்: இது என் பை, அது உன் குடை. இடப்பக்கத்தைப் பார்த்தால் நான் ஒரு மேனேஜர். வலப்பக்கத்தைப் பார்த்தால் எனக்கு நாலு வயது. இரண்டையும் ஒரே மத்தியானத்தில் படிக்க வேண்டும்.

செந்தூலிலிருந்து பக்கிரிசாமி அங்கிள் வருகிறார். ஒரு கொண்டோவில் செக்யூரிட்டி. அவர் கை தூக்கினார். "மிஸ், நெகோஷியேஷன் எல்லாம் ஓகே லா. 'காடிய இங்க நிறுத்தாதே'ன்னு சொல்றது எப்படி? அதான் எனக்கு டெய்லி வேணும்."

அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு எல்லாமே வேண்டும்போல் இருக்கிறது.

நாளை பொங்கல். உன் வீட்டுக்காரருக்கும் உனக்கும் என் வாழ்த்து. விமலனிடம் சர்க்கரையைக் குறைக்கச் சொல்.

உன்,
உஷாராணி

*

சுங்கை பூலோ
22 ஜனவரி 2024

உஷாவுக்கு,

உன் கடிதத்தை விமலன்தான் எடுத்து வந்தார். "யாருக்கோ கல்யாணம் போல" என்று கொடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். இன்னும் டேலி ஷீட்டில் எழுதுவது போலக் கட்டம் கட்டமாக எழுதுகிறாய்.

சூப்பர்வைசர் ஆகப்போகிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் சனிக்கிழமையும் ஓய்வில்லாமல் கிள்ளானிலிருந்து ரயிலேறி, இரண்டு மாதத்தில் என்ன கற்றுவிட முடியும்? நான் பள்ளியில் எஸ்.பி.எம். வரை படித்து, ஆபீஸில் உட்கார்ந்த பிறகும் ஐந்து வருடம் தடுமாறினேன். உனக்கு வருத்தம் வரக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

வேலை கிடைத்ததும் இப்படிச் செய். ரிப்போர்ட்டைத் தமிழில் பேசி எனக்கு அனுப்பு. ஐந்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் திருப்பி அனுப்பிவிடுவேன். யாருக்கும் தெரியாது. அப்படித்தானே ஓடியது இத்தனை நாளும்.

எனக்கும் நல்லதாக இருக்கும். இங்கே ஒரு கிளினிக்குக்காக வீட்டிலிருந்தே நோயாளிகளின் பெயரையும் ஐ.சி. அடையாள எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். கம்பெனி என்னை வேலையிலிருந்து அனுப்பி இரண்டு வருடம் ஆகிறது. ஆங்கிலத்தில் முழு வாக்கியம் ஒன்று எழுதியும் இரண்டு வருடம்.

தாமரை

*

கிள்ளான்
28 ஜனவரி 2024, ஞாயிறு

அன்புள்ள தாமரைக்கு,

நேர்காணல் அறைக்குள் உன்னைக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோக முடியாதே. முடிந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

நேற்று நடந்ததைக் கேள். தைப்பூசம் முடிந்தும் சென்ட்ரல் ஸ்டேஷனில் கூட்டம் குறையவில்லை. ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் வந்து, இந்த ரயில் பத்துமலைக்குப் போகுமா என்று கேட்டார். கேள்வி முழுதும் புரிந்தது. இல்லை, எதிர்ப்பக்கம் என்று சொல்ல வேண்டும். 'இல்லை' வந்தது. அப்புறம் வாயைத் திறந்தால் புத்தகத்தின் இடப்பக்கம்தான் வெளியே வருகிறது: "கைண்ட்லி ப்ரொசீட் டு தி ஆப்போசிட் பிளாட்பார்ம்." மனிதர் ஏறக்குறைய வணக்கம் வைத்துவிட்டுப் போனார். நான் ரயில்வே அதிகாரி என்று நினைத்திருப்பார். கிள்ளான் வரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இன்னொன்று கவனித்தேன். ஆங்கிலத்தில் ஆபீஸ் கடிதம் என்றால் யாரும் எதுவும் செய்வதில்லை. பெட்டிகள் சேதமடைந்திருக்கின்றன. தீர்மானிக்கப்பட்டுள்ளது. தாமதம் நேர்ந்துள்ளது. நான் கேட்டேன், "மிஸ், பெட்டிய உடைச்ச ஆள் எங்க?" விஷ்ணுப்ரியா சொன்னாள், "அவரைக் காப்பாத்தத்தான்க்கா அந்த வாக்கியமே."

எனக்கு அது பிடித்தது. பிடித்தது என்றால், பயமாகவும் இருந்தது. ஒரு வாக்கியத்துக்குள் ஒரு ஆளையே மறைத்துவைக்க முடிகிறதே.

வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். வேலையிடத்துக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வரியிலும் யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் எங்கே தேடுவது என்று முழித்தார்கள். எனக்கு என்ன கவலை? நீ எழுதிய கடிதம் எல்லாம் பச்சைக் கோப்பில் இருக்கிறது. எப்போதும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை என்னிடம் கொடுப்பாய்: "இது உன் காப்பி டி, பத்திரமா வை." வைத்திருக்கிறேன். அம்மாவின் இறப்புச் சான்றிதழுக்குப் பக்கத்தில். இன்று எண்ணினேன். முப்பத்தெட்டு.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை. அதற்கடுத்தது சீனப் புத்தாண்டு. பதினேழாம் தேதிதான் கொண்டுபோக வேண்டும். எதை எடுத்துப்போகலாம், சொல்லேன்.

உன்,
உஷா

*

சுங்கை பூலோ
5 பிப்ரவரி 2024

அன்புள்ள உஷாவுக்கு,

எதையும் கொண்டுபோக வேண்டாம். அப்போது என் ஆங்கிலம் மிக மோசம். உன் ஆசிரியை, பல்கலைக்கழகம் போய்வந்த பிள்ளை, அதைப் பார்த்தால் சிரிக்கும். உனக்காகவே ஒரு நல்ல கடிதத்தைத் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். சரக்கு தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கும் கடிதம். சின்ன வாக்கியங்கள். அதைக் கொண்டுபோ.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் இங்கே வாயேன். வந்து எத்தனை நாளாயிற்று? விமலன் நண்டு வாங்குகிறேன் என்கிறார். அந்தப் பச்சைக் கோப்பையும் எடுத்து வா. இருவரும் உட்கார்ந்து வேண்டாததைக் கழித்துவிடலாம். பழைய காகிதத்தில் பூச்சிதான் வரும்.

நீ நன்றாகச் செய்வாய் உஷா. எனக்குத் தெரியும். சனிக்கிழமை மழை வந்தால் குடை எடுத்துக்கொள். சாப்பிடாமல் வகுப்புக்குப் போகாதே. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்குமே, அங்கே ஒரு மணிக்குள் போனால் இடம் கிடைக்கும்.

பதில் போடு. கட்டாயம் வா.

அன்புடன்,
தாமரை

*

கிள்ளான்
18 பிப்ரவரி 2024

தாமரை,

விடுமுறையில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். வர முடியவில்லை.

நீ அனுப்பிய கடிதத்தை நான் கொண்டுபோகவில்லை. மோசமான ஆங்கிலமாக இருந்தாலும் என் பெயர் இருக்கிற கடிதம் வேண்டும் என்று நினைத்தேன். இருப்பதிலேயே சின்னதாக எடுத்தேன். நாலு வரி. சின்னது சுலபம் என்று.

வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

முதல் வரி. நன்றி.

இரண்டாம் வரி. தாங்கள் அளித்த வாய்ப்பு.

மூன்றாம் வரி. குடும்பப் பொறுப்புகள்.

நாலாம் வரியில் ஒரு சொல் தெரியவில்லை. கேட்டேன். "ஒருத்தரை ஒரு வேலைக்கு யோசிச்சுப் பார்க்கிறது. அந்த மாதிரிக்கா" என்றாள். அப்போதுதான் வரி முழுதாக வந்தது. என்னை இந்த வேலைக்குக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யார் செய்கிறார் என்று கேட்டாள். நான், என்றேன். நாலு வரியிலும் நான். ஒளிந்திருக்க யாரும் இல்லை.

கீழே என் கையெழுத்து. ஆகஸ்ட் 2017.

பக்கிரிசாமி அங்கிள், "ஏம்மா, நல்ல வேலையா? ஏன் வேணாம்னுட்டே?" என்றார். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேலே டாக்குமெண்ட் கிளார்க் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சியும் தருகிறோம் என்றார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னேன்: "எழுது தாமரை, வரேன்னு எழுது." நீ போய்த் தட்டச்சு செய்து கொண்டுவந்தாய். "எழுதிட்டேன் டி, சைன் போடு." போட்டேன். மூன்று வாரம் கழித்து, "அந்த வேலைய குடுக்கல போல, விடு" என்றாய். அன்றைக்கு எனக்கு மீ கோரெங் வாங்கிக்கொடுத்தாய். முட்டை போட்டு. நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். நீ எதிரே உட்கார்ந்திருந்தாய்.

லோரி ஓட்டும் சுகுமாறனை உனக்குத் தெரியும். ஒரு பெட்டி குறைந்ததற்காக ஒரு நாள் அவனை இரண்டு மணி நேரம் நிற்கவைத்தேன். "ஒரு பெட்டிதானேக்கா, சைன் போட்டு விடுங்களேன்." போடவில்லை. லோரியையே காலி செய்து மறுபடி எண்ணினோம். என் கையெழுத்து இருந்தால் நான் கண்ணால் பார்த்தேன் என்று அர்த்தம். துறைமுகத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

உன் காகிதத்தில் மட்டும் எண்ணாமல் போட்டேன்.

எனக்குக் கோபம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று வந்து நிற்கிறது. தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன்?

உஷாராணி

*

சுங்கை பூலோ
3 மார்ச் 2024

உஷா,

இதோடு நாலாவது தாள். மற்ற மூன்றையும் கிழித்துவிட்டேன்.

2017இல் என் வேலை வருட ஒப்பந்தம். டாக்குமெண்ட் பிரிவுக்கு இனி ஒரு ஆள் போதும் என்ற பேச்சு மேலே நடந்துகொண்டிருந்தது. உனக்குச் சரக்கு தெரியும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வாய். உனக்கு ஆங்கிலமும் வந்துவிட்டால் நான் எதற்கு? நீ வந்தால் நான் போவேன் என்று நினைத்தேன். இது ஒரு காரணம்.

இன்னொன்று. தினமும் பத்து மணிக்கு இரும்புப் படியில் உன் பூட்ஸ் சத்தம் கேட்கும். கையில் காகிதத்தோடு வருவாய். மேலே எட்டுப் பேர் இருந்தோம். என்னைத் தேடி வந்தவள் நீ ஒருத்திதான். நீ கற்றுக்கொண்டுவிட்டால் அந்தப் பத்து மணி இருக்காது.

எது முதல் காரணம், எது இரண்டாவது என்று இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். தெரியவில்லை. முதல் காரணத்தைச் சொன்னால் நான் கெட்டவள். இரண்டாவதைச் சொன்னால் பாவப்பட்டவள். இரண்டு மாதிரியும் உன் முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

அந்த வேலைக்கு அவர்கள் யாரையும் எடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஐந்து வருடம் நாற்காலி கிடைத்தது. 2022இல் என்னை அனுப்பிய அன்று கேட் வரை வந்து அழுதவள் நீ. அன்று சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கும் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை உன் கையில் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஏன் கொடுத்தேன் என்று என்னையே கேட்கிறேன். பழக்கமாக இருக்கலாம். என்றாவது நீ படிக்க வேண்டும் என்று இருந்திருக்கலாம். அவ்வளவு நல்லவளாக என்னைக் காட்டிக்கொள்ளவும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். அந்தக் கடிதம் உன் பர்சனல் ஃபைலில் இருக்கும். நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மேனேஜர் மெய்யப்பனுக்கு, ஆங்கிலத்தில். நடந்தது முழுவதும் எழுதியிருக்கிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது என்பதைப் பயன்படுத்தி உன்னை ஏமாற்றினேன், தவறு முழுதும் என்னுடையது என்று. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழே உனக்கும் இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு, மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. வேலை உனக்குக் கிடைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிள்ளானுக்கு வரட்டுமா?

தாமரை

*

கிள்ளான்
17 மார்ச் 2024, ஞாயிறு

தாமரை,

நேர்காணல் முடிந்தது.

மெய்யப்பன் இருந்தார். எச்.ஆரிலிருந்து மலாய்க்காரப் பெண்மணி ஒருவரும் இருந்தார். நோன்பு மாதம் என்பதால் மேசையில் தண்ணீர் வைக்கவில்லை. எனக்கு நாக்கு வறண்டது. கேட்கவும் கூச்சம்.

முதலில் என்னைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். பிறகு கிழிந்த பெட்டிகளின் படம் ஒன்றைக் கொடுத்து, இருபது நிமிடத்தில் ரிப்போர்ட் எழுதச் சொன்னார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஆறு பெட்டிகளைக் கிழித்தது என்று எழுதினேன். ஓட்டியவர் யார் என்று எனக்குத் தெரியாது என்றும் எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தது. அந்தப் பெண்மணி பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். அப்புறம் மறுபடி படித்தார்.

நீ சொன்னது சரி. மெய்யப்பன் ஃபைலைத் திறந்து அந்த நாலு வரியைத் திருப்பிக் காட்டினார். 2017இல் வேண்டாம் என்றீர்களே, ஏன்?

உன் புதுக் கடிதம் கைப்பையில் இருந்தது. முந்தின இரவு அதை நான்கு தடவை படித்திருந்தேன். அகராதி வைத்து, முழுதாக. நன்றாக எழுதியிருக்கிறாய். உன்னை ஒரு இடத்திலும் ஒளித்துக்கொள்ளவில்லை. ஆனால் தாமரை, அதைக் கொடுத்தால் அவர்கள் கண்ணில் முதலில் படுவது உன் தவறு இல்லை. இந்தப் பெண் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் என்பதுதான். பதினாறு வருடமாக நான் கையெழுத்துப் போட்ட டேலி ஷீட்டுகள் அந்தக் கட்டடத்தில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அதை நீ நினைக்கவே இல்லை. எனக்கு நல்லது செய்யும்போதும் என்னைக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. மறுபடியும் கீழே ஒரு கோடு போட்டு, சைன் போடு என்கிறாய்.

கைப்பையைத் திறக்கவில்லை.

"ஐ செட் நோ. நௌ ஐ சே யெஸ்" என்றேன்.

அவ்வளவுதான். மெய்யப்பன் என் ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்தார். காரணம் கேட்பார் என்று இருந்தேன். கேட்கவில்லை. ஃபைலை மூடினார்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் அன்று வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அந்தக் கடிதம் என்னுடையதாகிவிட்டது. இனி அதை வைத்து நீ வருத்தப்படக்கூட முடியாது. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

நேற்று முன்தினம் கூப்பிட்டுச் சொன்னார்கள். மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். பரமேஸ்வரன் அண்ணன் சாவிக்கொத்தை இப்போதே கொடுக்கிறேன் என்றார். ஏப்ரலில் கொடுங்கள் என்றேன். வகுப்புக்கு இன்னும் போகிறேன். பக்கிரிசாமி அங்கிள் வடை வாங்கித் தந்து, "சூப்பர்வைசர் மேடம், காடிய இங்க நிறுத்தாதீங்க" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். வகுப்பே கை தட்டியது.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டாய். இப்போது வராதே.

ஏனென்றால் நான் படித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு பச்சைக் கோப்பை மூடிவைக்க முடியவில்லை. நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட முப்பத்தெட்டையும் இப்போது பார்க்க வேண்டும். வேறு எங்கே என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரிய வேண்டும். சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தேன். வேலைக்குப் பிறகு, வரி வரியாக. அந்த நாலு வரி போக, இதுவரை ஒன்பது.

எட்டு, நான் சொன்னதைச் சொன்னபடி எழுதியது. ஷிப்ட் மாற்றம், பூட்ஸ் சைஸ், அந்த மாதிரி.

ஒன்பதாவது, 2014. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீவு கேட்டது. நான் உன்னிடம் சொன்னது, "மூணு நாள் கேளு தாமரை, குடுத்தா குடுக்கட்டும்." நீ அப்படி எழுதவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இந்தப் பெண் ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்கிறாய். அவளுக்குத் தாயைத் தவிர யாரும் இல்லை என்கிறாய். மூன்று நாள் இல்லை, மூன்று வாரம் கேட்டிருக்கிறாய். அவர்கள் இரண்டு வாரம் கொடுத்தார்கள். கம்பெனி இளகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அம்மா போகும்போது பக்கத்தில் இருந்தேன். அந்த இரண்டு வாரமும் நீ கேட்டு வாங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதிலும் என்னைக் கேட்கவில்லை, பார்.

இதையும் 2017 கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரே கை. ஒரே மெஷின்.

இன்னும் இருபத்தெட்டு இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் முடியும். அதுவரை நீ எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

உஷாராணி